ரோச் வைத்த பத்துச் சோழி

திரேஸ்புரம் ஏலக்கூடத்து மேசையில் ஸ்டெபி சோழிகளைப் பரப்பியதுதான் தாமதம், சங்கு குளிக்கிறவர்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். கடலில் காற்று பலமாக இருந்ததால் அன்றைக்குப் படகு போகவில்லை. சும்மா இருக்கிற ஆம்பளைகளுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தால் விடுவார்களா?

ஸ்டெபி இந்த ஊர்ப் பெண்தான். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் கணக்கெடுப்பு வேலை. கூச்சப்படுகிற ஆள் இல்லை. "உங்களுக்கு எச்.ஐ.வி. வர எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு நீங்களே நினைக்கீங்களோ, அத்தனை சோழிய இந்தத் தட்டுல வைங்க. வரவே வராதுன்னா ஒண்ணும் வைக்காண்டாம். நிச்சயமா வரும், இல்ல வந்துட்டுன்னு நினைச்சா பத்தும் வைங்க" என்றாள்.

முதலில் வந்த அற்புதமணி அண்ணாச்சி நியாயமான மனுசர். கொஞ்சம் யோசித்து மூன்று வைத்தார்.

"மூணா! அண்ணாச்சி, இந்த வயசுலயா?" என்று ஒருவன் கேட்க, கூடமே சிரித்தது. அண்ணாச்சி அவசரமாக ஒன்றைத் திரும்ப எடுத்தார். அடுத்தவன், "அண்ணாச்சிக்கே ரெண்டுன்னா எனக்கு ஒண்ணு" என்றான். அதற்கடுத்தவன் ஒன்றும் வைக்காமல் நெஞ்சை நிமிர்த்தினான். தினமும் ஏலம் கேட்டுக் கேட்டு வளர்ந்த வாய்கள். இங்கே விலை மட்டும் கீழே இறங்கிக்கொண்டு போனது. ஸ்டெபி தலையில் கை வைத்துக்கொண்டாள். இதை எழுதிக்கொண்டு போனால் ஆபீசில் அவளைத்தான் ஏலம் போடுவார்கள். மேசையைத் தூக்கி வலை போட்டிருக்கும் அறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

ரோச்சின் முறை வந்தது. அவன் உள்ளே போய் உட்கார்ந்தான், சோழிகளைப் பார்த்தான், பத்தையும் அள்ளித் தட்டில் போட்டான்.

எங்கே போனாலும் கல்யாண மாப்பிள்ளை என்று கேலி வாங்குகிற நேரம் அது. போன ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். ரோச்சுக்கும் பிலோமிக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் அறிவித்தபோது, அந்தக் கோயிலில் தடை தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளைதான். அவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமி திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன்ணே அப்படி நினைக்கீங்க?" என்று கேட்டாள் ஸ்டெபி. அது அவள் கேட்டே ஆக வேண்டிய அடுத்த கேள்வி.

கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் ரோச் கொட்டிவிட்டான். போன வருசம் கடலுக்கடியில் சங்கு பொறுக்கும்போது, மேலே படகிலிருந்து காற்று வருகிற ஓஸ் பாறையில் சிக்கி மடங்கிக்கொண்டது. மூச்சு முட்டியது. கூடக் குளித்த சேக்காளி தன் வாயில் கடித்திருந்த ஓஸை உருவி இவன் வாயில் வைத்தான். இவன் ஒரு மூச்சு, அவன் ஒரு மூச்சு என்று மாறி மாறி இழுத்து மேலே வந்தார்கள். கரையேறிய பிறகு அந்தச் சேக்காளி தனியாகக் கூப்பிட்டு, தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ரோச் வாக்குக் கொடுத்தான்.

"வாக்கக் காப்பாத்திட்டேன் தங்கச்சி. ஆனா யார்ட்டயாது சந்தேகம் கேட்டா அவன் பேரு வெளிய வந்துருமேன்னு அதையும் கேக்கல."

ஸ்டெபி பேரைக் கேட்கவில்லை. "எச்சியில அது பரவாதுண்ணே. ஒரே ஓஸக் கடிச்சா வராது. ஒரே தம்ளர்ல குடிச்சாலும் வராது" என்றாள்.

"ஈறுல ரெத்தம் கசிஞ்சிருந்தா?"

"மனசு ஆறலன்னா வெளிய ரெத்தம் சோதிக்கிற வேன் நிக்கி. ஒரு வருசம் ஆயிட்டுல்லா, டெஸ்ட் சரியாச் சொல்லிரும்."

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ரோச் வேனுக்குள் உட்கார்ந்து, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதிப் பாதியாகச் சொல்லிப் பார்த்தான். இல்லை என்று நர்ஸ் சொன்னதும் அழுதுவிட்டான். அழுதுகொண்டே சிரித்தான். ஒரு வருசம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியபோது காலே தரையில் பாவவில்லை.

ஸ்டெபி விடுகிற ஆளா? திரும்ப உட்காரவைத்துச் சோழிகளை நீட்டினாள். ரோச் தட்டைக் காலியாகவே விட்டான்.

"இன்னிக்கு எனக்கு நிறைய சைபர் கிடைச்சுது. சோதிச்சுப் பாத்துட்டுச் சொன்ன சைபர் இது ஒண்ணுதான்" என்று சொல்லி அவள் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காற்று தணிந்து படகு கிளம்பியது. அந்தச் சேக்காளி இசக்கியப்பன் படகின் முன்பக்கத்து அணியத்தில் தனியாக உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் படகில் எல்லாருக்கும் ஒரே தம்ளர்தான். இப்போது ரோச் தனக்கென்று கிளாசும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவருவான், சோற்றைக்கூடத் தள்ளிப்போய்த் தின்பான். இசக்கியப்பன் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. பேச்சுதான் குறைந்துபோயிருந்தது.

ரோச் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினான். "டீ குடுலே."

"ஒன் கிளாஸ் எங்க?"

"கொண்டாரல. நேத்து டெஸ்ட் எடுத்தேம்ல. ஒண்ணும் இல்லன்னுட்டாவ. இனிமே என் எச்சிய நீயும் குடிக்கலாம், யாரும் குடிக்கலாம்."

இசக்கியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. "ஒன் எச்சியா?"

"எனக்கும் வந்துட்டுன்னுல்லா நினைச்சிருந்தேன். என்ட்ட இருந்து படகுல மத்தவங்களுக்குத் தொத்திறக் கூடாதுன்னுதாம்ல ஒதுங்கி இருந்தேன்."

இசக்கியப்பன் தம்ளரைக் கீழே வைத்தான். கண் கலங்கிவிட்டது. "நீ என்னக் கண்டு அருவருத்துப் போயிட்டன்னு நினைச்சேன். மூச்சக் குடுத்தவனையே இப்பிடி ஒதுக்குதானேன்னு ஒரு வருசமா வெந்து கெடந்தேம்ல."

என்ஜின் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ரோச்சுக்கு மட்டும் கேட்டது, நன்றாகவே கேட்டது. அவன் இசக்கியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கூறுகெட்ட பயலே, ஒரு வார்த்த என்ட்டயே கேட்ருக்கலாம்லா?" என்றான் இசக்கியப்பன். "மாத்திர வாங்கப் போறப்பல்லாம் அந்த டாக்டரம்மா இதத்தானல சொல்லி அனுப்புதாவ. எச்சியில வராது, எச்சியில வராதுன்னு!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருசத்துச் சிரிப்பு, லேசில் அடங்கவில்லை. பின்னால் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, கல்யாண மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கத்தினான்.

இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்ளரை எடுத்துத் தான் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நீட்டினான். ரோச் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"சீனி காணாதுலே" என்றான்.