ஒப்புக்குச் சப்பாணி

குழந்தைகள் காப்பகத்தில் மூன்று அறைகள். தவழ்கிறவர்களுக்கு ஒன்று, நடக்கிறவர்களுக்கு ஒன்று, ஓடுகிறவர்களுக்கு ஒன்று. அவளுக்கென்று அறை இல்லை. ஓரிடத்தில் பால் கொட்டினால் அங்கே, இன்னோரிடத்தில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் அங்கே, தொட்டில் விரிப்புகள் காய்ந்துவிட்டால் மொட்டைமாடியில். யாராவது ஒரு மிஸ் கதவிடுக்கில் தலையை நீட்டி "கொஞ்சம் வாயேன்" என்பாள். அந்த வேலை முடிவதற்குள் வேறொரு கதவு திறக்கும்.

நடக்கிற வயதில் நான்கு குழந்தைகளுக்கு ஒரு மிஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையில் வருகிறவர்கள், மாற்று ஆள் வந்து நிற்காமல் அறையை விட்டு நகரக் கூடாது, கழிப்பறைக்குக்கூட. அவள் எண்ணிக்கையில் வராதவள். அவள் இருந்தாலும் போனாலும் கணக்கு மாறாது.

இதை வீட்டில் எல்லோரும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

வீடு நடக்கிற தூரம்தான். அத்தைக்கு, அதாவது அவள் மாமியாருக்கு, போன மழைக்காலத்தில் லேசான பக்கவாதம் வந்து இடது கை சொன்னபடி கேட்காமல் போயிற்று. மற்றபடி வாய், காது, ஞாபகம் எல்லாம் முன்னைவிட நன்றாகவே வேலை செய்தன. ஃபோனும் வலது கையில்தான் இருந்தது. சிலிண்டர் வந்திருக்கிறது, வா. டிவியில் படம் தெரியவில்லை, வா. ஒருமுறை காகம் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று கூப்பிட்டார். அவள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் காகம் கிளம்பிவிட்டது. வந்ததுதான் வந்தாய், கொஞ்சம் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அம்மாவைக் கைப்பயிற்சிக்கு அழைத்துப் போவது, தண்ணீர் லாரிக்காரருக்குக் கதவு திறப்பது என்று அவனும் கூப்பிடுவான். ஒருமுறை அவள் தயங்கியபோது சிரித்தான்.

"அங்க நீ ஒப்புக்குச் சப்பாணிதானே? நீ இல்லன்னா ஆட்டம் நின்னுடுமா?"

அவன் கெட்டவன் இல்லை. சொன்னதும் உண்மைதான். சின்ன வயதில் பெரிய பிள்ளைகளின் விளையாட்டில் அவளை அப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவளை யாரும் அவுட் ஆக்க மாட்டார்கள். ஒளிந்துகொண்டால் யாரும் தேடவும் மாட்டார்கள்.

ஒரு நாள் பெரிய மிஸ் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் குழந்தைகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நிலைப் பயிற்சியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றார். காப்பகத்தை நடத்துகிறவர் அவர். முதல் நிலை ஒன்றும் தெரியாதவர்களுக்கு. இரண்டாம் நிலை உதவியாளருக்கு. மூன்றாம் நிலை அறைப் பொறுப்புக்கு. மூன்றில் சேர்ந்தால் படிக்கும்போதே எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டை முடித்தே விட்டாலும் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டில் இதற்கு விவாதமே இல்லை. இரண்டு போதும் என்றான் கணவன். சுலபமாக முடிந்துவிடும், வேலையும் போகாது. அத்தையும் அதையே சொன்னார், ஆனால் மருமகள் நலனுக்காக: ஏற்கெனவே கண்ணைச் சுற்றிக் கருப்பாகக் கிடக்கிறது, எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வேறு ஊரில் இருக்கும் அக்கா ஃபோனில் சிரித்தாள். "பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சுட்டு, பீ துடைக்கறதுக்கு இன்னொரு கோர்ஸாடி?"

அவளும் சிரித்தாள். பதில் சொல்லப் பலம் இல்லாதபோது அவள் சிரிப்பது வழக்கம்.

பயிற்சி நிலையத்தில், எந்த நிலையில் சேரலாம் என்று பேசி முடிவு செய்ய ஓர் ஆலோசகர் இருந்தார். நடுவயதுப் பெண். கடுமையான சளி. மேசைமேல், குளிப்பாட்டிப் பழகுவதற்கான பிளாஸ்டிக் குழந்தை ஒன்று ஈரத்தோடு குப்புறக் கிடந்தது.

பட்டம் இருப்பதால் முதல் நிலை தேவையில்லை என்றார். இரண்டா மூன்றா என்பதுதான் கேள்வி. பட்டத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது; குடுவையும் குழந்தையும் ஒன்றில்லை. மூன்றாம் நிலையில் ஒவ்வொரு குழந்தையையும் கவனித்து வாராவாரம் எழுத வேண்டும்.

"வீட்டுல எப்ப உக்காந்து எழுதுவீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பாத்திரங்களுக்குப் பிறகா, துணிகளுக்குப் பிறகா. அதற்குப் பிறகு இருப்பது தூக்கம்தான்.

"தெரியல மேடம்."

ஆலோசகர் கோபப்படவில்லை. நிறைய பேர் கௌரவத்துக்காக மூன்றில் சேர்ந்துவிட்டுப் பாதியில் காணாமல் போகிறார்கள், பிறகு இரண்டுக்குத் திரும்பி வர வெட்கப்படுகிறார்கள் என்றார். இறங்கி வருவதைவிட ஏறிப் போவது நல்லது. இரண்டு என்று போட்டுவிடட்டுமா?

அவள் தலையாட்டினாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மூணுல சேர்ந்தா ரூமை விட்டு வெளிய போகவே முடியாதில்ல, மேடம்?"

"முடியாது. பாத்ரூமுக்குக்கூட ஆள் வரணும். அதைத்தான் எல்லாரும் கஷ்டம்னு சொல்வாங்க."

"எனக்கு அதுதான் வேணும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வீட்டுலேர்ந்து கூப்பிடறாங்களா?"

"ம்."

"அப்ப அதை வீட்டுல சொல்லணும். அதுக்கெதுக்கு ஒரு கோர்ஸ்? வீட்டுக்குப் போகாம இருக்கணும்னு வர்றவங்களை நம்பி நாலு குழந்தைங்களை எப்படி விடறது, சொல்லுங்க."

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்தது இப்போதுதான். எழுந்திருக்கவும் அலுப்பாக இருந்தது. அதனால் பேசினாள். நடக்கிறவர்கள் அறையில் புதிதாக வந்திருக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். தன் பையைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டான், அதனால் எல்லோருக்கும் அவன் மூட்டை. அம்மா விட்டுவிட்டுப் போனதும் அழத் தொடங்குவான். அந்த மிஸ்ஸுக்கு இன்னும் மூன்று பேர் இருப்பதால் அவனைத் தூக்கிக்கொள்வது இவள்தான். தோளில் போட்டு நடப்பாள். அழுகை அலறலிலிருந்து விசும்பலுக்கு இறங்குவது தெரியும். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள், அல்லது ஃபோன் வரும். திரும்பி வந்து பார்த்தால் அவன் தூங்கியிருப்பான், அல்லது விளையாடிக்கொண்டிருப்பான். எப்படி நிறுத்தினான், எதைப் பார்த்து நிறுத்தினான் என்று யாருக்கும் தெரியாது. கல்லூரி ஆய்வகத்தில், நிறம் மாறுகிற நேரத்தில் குடுவையிலிருந்து கண்ணை எடுத்தால் மொத்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். இங்கே அவள் ஒவ்வொரு நாளும் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குழந்தை அழ ஆரம்பிச்சு, நிறுத்தற வரைக்கும் நான் கூட இருந்ததே இல்ல மேடம். ஒரு தடவைகூட."

ஆலோசகர் கைக்குட்டையைத் தேடி எடுத்தார். பிறகு தும்மினார். பிறகு எழுதினார்.

"மூணு. எழுத நேரமில்லன்னு அப்புறம் என்கிட்ட வரக்கூடாது. உங்க பெரிய மிஸ் ஒத்துக்கணும், அதையும் பாத்துக்கோங்க. எண்ணிக்கையில சேர்க்கறது அவங்க கையிலதான்."

பெரிய மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. வீங்கிய கால்களைக் கவிழ்த்த வாளிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கையில் இருக்கிற மிஸ் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பாள், எண்ணிக்கையில் இல்லாமல் ஓடியாடுகிற ஆள்தான் கிடைக்காது என்றார். அது பாராட்டு என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. வாதாடத் தெரியாததால் அங்கேயே நின்றாள். பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். வழக்கமாக ஓடுகிறவள், அப்போது ஓடவில்லை. பெரிய மிஸ் அதைக் கவனித்தார். நடக்கிறவர்கள் அறை மிஸ்ஸுக்கு மாதம் நெருங்கிவிட்டது, பிரசவ விடுப்பில் போகப் போகிறாள். எப்படியும் அங்கே ஓர் ஆள் வேண்டும்.

"நாளையிலேர்ந்து நடக்கற ரூம். ஃபோன் என் டிராயர்ல இருக்கும். வீட்டுலேர்ந்து யார் கூப்பிட்டாலும் சாயங்காலம்தான். சரியா?"

"சரி மிஸ்."

வீட்டுக்குப் போகும் வழியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். விதி மாறிவிட்டது, மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றால் அத்தை மேலிடத்தைத் திட்டுவார். அவளும் சேர்ந்து திட்டலாம். அதில் பெரிய பொய்யும் இல்லை.

அத்தை டிவி முன்னால் இருந்தார். கணவன் ஷிப்டில் இருந்தான். அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அத்தை, நாளையிலேர்ந்து பகல்ல கூப்பிட்டா வர முடியாது. மூணாவது நிலையில சேர்ந்துட்டேன். இனிமே எண்ணிக்கையில வரேன். ரூமை விட்டு நகரக் கூடாது."

அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அவங்களா போட்டாங்களா, நீ கேட்டியா?"

மேலிடம் தொண்டை வரைக்கும் வந்தது.

"நான்தான் கேட்டேன்."

"ரெண்டுல சேர்ந்திருந்தா கூப்பிட்டா வந்திருக்கலாம்."

"ஆமா."

"அது தெரிஞ்சுதான் கேட்டிருக்கே."

"ஆமா அத்தை."

அத்தை வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது நழுவியது. மறுபடி எடுத்து வைத்தார். அவள் சண்டையை எதிர்பார்த்து நின்றாள். சண்டை வந்திருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும், வழக்கம்போலச் சிரித்திருக்கலாம்.

"அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றார் அத்தை. "நீ சொன்னா கத்துவான். எனக்குக் காது நல்லாக் கேக்குது." பிறகு சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தார். "போயி டப்பா மூடியெல்லாம் தளர்த்தி வை, ஒத்தக் கையால திறக்கணும்."

அவள் பையை இறக்கிவிட்டுப் போனாள். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மூடியை மேலே சும்மா வைத்தாள். அத்தை சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று மேற்பார்வை பார்த்தார். காப்பித்தூள், சரி. எண்ணெய், சரி. சர்க்கரையை மட்டும் இறுக்கியே வை, எறும்பு வரும், சர்க்கரை இல்லாமல் செத்துவிட மாட்டேன். மேல் அலமாரியில் இருந்த எல்லாம் கீழே வந்தன. மத்தியான மாத்திரைகளைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். கேஸ் அடுப்பின் திருகு கொஞ்சம் இறுக்கம். அதைத் தளர்த்த முடியாது. அடுப்பே வேண்டாம், ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் வைத்துவிட்டுப் போ என்றார் அத்தை.

ஃப்ளாஸ்க்கை அவர் திறந்து பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அத்தை நாற்காலியில் உட்கார்ந்து அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். வலது கையால் திருகினார். ஃப்ளாஸ்க்கும் சேர்ந்து திரும்பியது. அவள் கை முன்னால் போயிற்று.

"விடு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அத்தை முழங்கால்களை இன்னும் நெருக்கினார். உதட்டைக் கடித்தார். நெற்றியில் வியர்த்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது, இரவுச் சமையலுக்கு இன்னும் எதுவும் நறுக்கவில்லை. கடைசியில் மூடி ஒரு சுற்று நகர்ந்தது, பிறகு எல்லாமே சேர்ந்து வந்துவிட்டது. பாதித் தண்ணீர் அத்தையின் புடவையிலும் தரையிலும் கொட்டியது. நல்லவேளை, பரிசோதனைக்காகப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்றியிருந்தாள்.

அத்தை தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்துதானே நீ எண்ணிக்கையில வர்றே?"

"ஆமா அத்தை."

"அப்ப இன்னைக்குத் துடைச்சிடு."

அவள் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். மேலே அத்தை மூடியை வைத்துத் திருகி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.