சப்பாத்து கழற்றச் சொல்லாத டொக்டர்

...இல்லை, இன்றைக்கும் கழற்றச் சொல்ல மாட்டார், தொண்ணூற்றொன்பதில் மகன் கூப்பிட்டு இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆறு வருடமாகச் சொல்லாத மனுசன் இன்றைக்கா சொல்லப் போகிறார், கோட்-த-நேஜ் கிளினிக் கதிரையில் இருந்தபடி அருமைராசா தன் வலது சப்பாத்தையே பார்த்தார், உள்ளே பெருவிரலடியில் மூன்று கிழமையாக ஆறாத புண், நோகவும் இல்லை, நோகாததுதான் பொல்லாதது, ஊர்ச் சிநேகிதன் பேரின்பநாதனுக்கும் இப்படித்தான் தொடங்கி காலை முழங்காலோடு எடுத்தார்கள்... எதிர்வீட்டு வெள்ளைக்காரன் கஸ்தோனுக்கும் இதே சலரோகம், இதே சீனி வருத்தம், இதே டொக்டர், ஆனால் அவனுக்கு மட்டும் காலுறையும் கழற்றி உணர்ச்சி இருக்கிறதா என்று விரல் விரலாகக் குத்திப் பார்ப்பாராம், லிஃப்டில் அவனே சொன்னான். ஏன் அவனுக்கு மட்டும்? வெள்ளைக் கால் கால், எங்களுடையது விறகுக் கட்டையா? தொட்டால் கறுப்பு ஒட்டிவிடுமோ?

உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "பிராவோ, முசியே! சீனி நல்ல அளவு." ஒவ்வொரு தரமும் இந்தப் பிராவோப் பாராட்டுத்தான்... கஸ்தோனுக்கு ஏச்சுத்தானாம், சோதனைக்கு ரத்தம் கொடுக்கிற நாளுக்கு முதல் நாளும் பியர் குடிக்கிறவனுக்கு வேறென்ன கிடைக்கும், அருமைராசா அப்படியா, மூன்று நாளுக்கு முன்பே மனுசி சிவநேசம் தொடங்கிவிடுவாள், "இஞ்சாருங்கோ, ரத்தம் எடுக்குமட்டும் சோத்துப்பானைப் பக்கம் போகாதேங்கோ, இந்தப் பாவக்காய்ச் சாறைக் குடியுங்கோ", குடித்து, பட்டினி கிடந்து, ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரே இருப்பில் ஆறு மோதகம்... சோதனை பாஸ் பண்ணத்தானே வேண்டும், மானம் போகக்கூடாதே! டொக்டர் கதவுப் பிடியில் கை வைத்தபடி வேறேதும் பிரச்சினையா என்று கேட்டார், அதுவும் ஒரு கேள்வியா, போய் வா என்பதுதானே, வாய் தன்பாட்டில் "ஓகே, மெர்சி" என்று நன்றி சொன்னது.

வெளியே மேசையடியில் இருந்தவள் அடுத்த தவணைத் திகதியை எழுதித் தந்தாள். மூன்று மாதம் கழித்து. ஐயோ, அதுவரை இந்தக் கால் இருக்குமா... திரும்பிப் போய்த் தட்டினால் என்ன? தட்டினால் புண் தெரியும், புண் தெரிந்தால் இவ்வளவு நல்ல சீனிக்கு இது எப்படி என்பார், பட்டினியும் பாவக்காயும் வெளியே வரும், எங்கடை ஆக்கள் பொய்யர் என்று நினைப்பார்... கதவுக்கு முன்னால் நின்றார், தட்டவில்லை, போகவும் இல்லை. அட, இந்த மனுசன் என்னை ஒரு மனிதனாகவே மதிப்பதில்லை என்றுதானே இத்தனை வருடமும் வயிறெரிந்தேன், பிறகு எந்த மதிப்பு போய்விடும் என்று இப்படிப் பயந்துகொண்டு நிற்கிறேன்...