பதினேழாம் எண் வீட்டுப் பலகை

வருங்காலத் தலைமுறையினர் அறியும் பொருட்டும், அறிஞர் பெருமக்கள் ஆராயும் பொருட்டும் இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சாலை விரிவாக்கத்துக்காகப் பதினேழாம் எண் வீட்டின் சமையலறைச் சுவர் இடிக்கப்பட்டது. அதில் அடித்திருந்த பலகை விழவில்லை. சுவர் செங்கல்லும் தூசியுமாகத் தரையில் கிடக்க, மூன்றடி நீளப் பலகை தன்மேல் இருந்த ஏழு டப்பாக்களோடு, ஐந்தடி உயரத்தில், பழைய இடத்திலேயே நின்றது. உப்பு டப்பாவின் மூடி மட்டும் சற்றுத் திறந்திருந்தது. இடிப்பதற்கு முன்பும் அது அப்படித்தான் இருந்தது என்று பிற்பாடு விசாரணையில் தெரியவந்தது.

பலகையை அடித்தவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டில் எது உடைந்தாலும் "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே தெருவில் அவருக்கு அப்புறம் என்று பெயர் விழுந்து, வயதாக ஆக மரியாதை சேர்ந்து அப்புறத்தார் ஆகிவிட்டது. விடுபட்ட ஒரு புள்ளியைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடும் அந்தக் கண், பதினோரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கண்டதில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும். பாட வராத விருந்தாளிகள் வாய்ப்பாடு சொன்னார்கள். ஜன்னல் கதவை ஒரு பழைய செருப்பு தாங்கியது. அதன் ஜோடி, ஆடுகிற நாற்காலியின் நாலாவது காலுக்கு அடியில் இருந்தது. இரண்டும் ஒரே அறையில்தானே இருக்கின்றன, ஜோடியைப் பிரித்த பாவம் தனக்கில்லை என்பார்.

அவர் மனைவி ஊர் எல்லையில் லாரி எடைமேடையில் எடை பார்த்துச் சீட்டு எழுதுபவர். எல்லோருக்கும் எடைமேடையம்மா. பத்தொன்பது வருடத்தில் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. டிரைவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், இல்லாத சொந்தம் கொண்டாடியும் பார்த்தார்கள். பாரம் ஏற்றிய லாரி தூரத்தில் திரும்பும்போதே, டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்து அவர் எடையைச் சொல்லிவிடுவார். முள் பிறகு வந்து அந்த எண்ணில் நிற்கும். ஒருமுறை முள் வேறு எண்ணில் நின்றதாகவும், அவர் மறுபடி ஒருதரம் அழுத்திச் சொன்னதும் அது திருத்திக்கொண்டதாகவும் பேச்சு உண்டு. தராசு ஆய்வாளர் இதை மறுத்ததில்லை.

இனி அந்த அம்மாளின் அண்ணன். நகராட்சிப் பொறியாளர். விசிட்டிங் கார்டில் பட்டங்களுக்கு இடம் போதாமல் 'பின்பக்கம் பார்க்க' என்று அச்சடித்தவர். தன் வீட்டு வாசலில் கருங்கல் வளைவு கட்டி, அதில் தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் பதித்து, காலையில் வெளியே போகும்போது ஒருமுறையும் சாயங்காலம் திரும்பும்போது ஒருமுறையும் படித்தவர். ஞாயிறு தவறாமல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவார். சொட்டும் குழாயைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், பிறகு அப்புறத்தாரைப் பார்ப்பார். "மாப்பிள்ளை, நீங்க பேனா பிடிக்கப் பொறந்தவரு. சுத்தியல் எல்லாம் நமக்கு வேணாம். நீங்க ஒரு ஆணி அடிச்சு அது நின்னுடுச்சுன்னா, அன்னிக்கே நான் ரிட்டயர் ஆயிடறேன்."

இருநூறு ஞாயிறுகளுக்கு மேல் இதைக் கேட்ட அப்புறத்தார், ஒரு ஞாயிறன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் டிரில்லிங் மிஷினை வாங்கிவந்தார். மரக்கடையில் எப்போதோ வாங்கி, கட்டிலுக்கு அடியில் 'அப்புறம்' என்று போட்டிருந்த பலகையை இழுத்துத் தூசி தட்டினார். முதல் துளையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது, வீட்டுக்குள் ஒரு கடற்கரை வந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு. இரண்டாவது துளை மின்சார ஒயரைத் தொட்டது, மின்விசிறி நின்றது. கூடத்திலிருந்து "நான் நினைச்சேன்" என்று பொறியாளரின் குரல் வந்தது. ஏழு துளைகள் போட்டதில் நான்கு உருப்பட்டன. மற்ற மூன்றையும் பற்பசை வைத்து அடைத்தார். அந்தச் சுவர் பல வருடம் புதினா வாசனை வீசியது. இரண்டு இரும்பு ஆங்கிள்களைத் திருகி, அதன்மேல் பலகையை வைத்து, கடைசித் திருகாணியை இறுக்கியபோது அது கிர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. இனிமேல் திரும்ப மாட்டேன் என்று ஒரு திருகாணி சொல்கிற அந்தச் சத்தத்தை நாற்பத்தாறு வயதில் அவர் முதன்முறையாகக் கேட்டார்.

ஸ்டூலிலிருந்து இறங்கினார். மூன்றடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முன்னால் வந்து உள்ளங்கையால் தட்டினார். ஆடவில்லை. இன்னொரு தட்டு. ஆடவில்லை. தேவையே இல்லாமல் மூன்றாவது தட்டும் தட்டினார். ஒரு காரியத்தை முடித்த மனிதன் உலகத்துக்குப் போடும் கையெழுத்து அது. மனைவியைக் கூப்பிட்டார். "எப்படி? நேரா இருக்கா?"

எடைமேடையம்மா, பன்னிரண்டு டன் லாரியை எடை போட ஆகும் நேரம்வரை பலகையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். புருவம் இரண்டிலும் சுண்ணாம்பு படிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார் மனிதர்.

"நேரா இருக்குங்க" என்றார்.

அந்த வாரம் அப்புறத்தார் ஒரு விரற்கடை உயர்ந்தார். சட்டைக் கைகள் குட்டையாயின. பொறியாளர் ரிட்டயர் ஆகவில்லை. தான் சொன்னது ஆணி, இது திருகாணி என்று விளக்கம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு குழாய்க்கு வாஷர் மாற்றப்பட்டது. சொட்டுச் சத்தம் நின்றதும் வந்த அமைதி அந்தச் சின்ன வீட்டில் கொள்ளாமல் பக்கத்து வீட்டுக்கும் வழிந்து, கொத்தனாரின் கைக்குழந்தை ஒன்றரை நாள் தூங்கியது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் வந்தது; பாட்டு நின்றதில் தெருவுக்கே மகிழ்ச்சி. நாற்காலிக் கால் ஒட்டப்பட்டு, ஜன்னலுக்குக் கொக்கி போட்டதும், இரண்டு செருப்புகளும் ஒன்பது வருடத்துக்குப் பிறகு வாசலில் சந்தித்தன. வீட்டுக்கு வருபவர்களை அப்புறத்தார் கூடத்தில் உட்காரவைக்காமல் நேரே சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் பலகையைத் தட்டச் சொன்னார். தபால்காரர்கூடத் தட்டியிருக்கிறார். எடைமேடையம்மாவுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. பலகைமேல் தட்டையான அடியுள்ள டப்பாக்களைத் தவிர வேறெதையும் வைக்க மாட்டார். யாராவது எலுமிச்சம்பழமோ நூல்கண்டோ வைத்தால், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். எடைமேடை உத்தியோகத்தின் ஒழுங்கு என்று வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு வருடம் இப்படிப் போனது. பிறகு பொறியாளர் ஒரு வரைபடத்தை விரித்து, ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். கோடு தங்கை வீட்டின் நடுவே போனது. பொதுநலம் என்று வந்துவிட்டால் சொந்தம் பார்க்கக்கூடாது என்று கண் கலங்கினார். பிறகு தாராளமாகச் சொன்னார்: "என் வீட்டு மாடி சும்மாதானே கிடக்கு? அங்க வந்துடுங்க. தினம் மாப்பிள்ளையும் நானும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்." வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கப்போகும் ஒரு வாழ்க்கையை அப்புறத்தார் கண்ணெதிரே கண்டார். மறுநாளிலிருந்து அந்த ஒரு விரற்கடையும் குறையத் தொடங்கியது.

அந்த நிலையில்தான் வியாழக்கிழமை காலை சுவர் விழுந்து, பலகை விழாமல் நின்றது. கடப்பாறையால் நெம்பினார்கள், கடப்பாறை வளைந்தது. ஆறு ஆட்கள் தொங்கிப் பார்த்தார்கள். கயிறு கட்டி லாரியால் இழுத்ததில் லாரியின் பம்பர் கழன்று வந்தது. பௌதிகப் பேராசிரியர் ஒருவர் வந்து, பலகை ஏன் விழுந்தே தீர வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். களைப்பாக இருந்ததால் பலகையைப் பிடித்துக்கொண்டே பேசினார். நிபுணர் குழு இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையில், பலகை தற்காலிகமாக விழாமல் இருக்கிறது என்று முடிவு சொன்னது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. முப்பது நாளில் அகற்ற முடியாத எதுவும் நிலையான கட்டுமானமாகக் கருதப்படும், அதுவும் அதைச் சார்ந்த வீடும் விட்டுவைக்கப்பட்டு சாலை சுற்றிக்கொண்டு போகும் என்று ஒரு விதி. எழுதியவர் பொறியாளர்தான், தன் கருங்கல் வளைவை மனதில் வைத்து. எதிர்வீட்டுக்காரரின் சாய்ந்த தண்ணீர்த் தொட்டியையும் மனதில் வைத்து, 'ஆனால் அது மட்டம் தவறாமல் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். முப்பதாம் நாள் காலை, நகராட்சி ஆணையரோடு, வெல்வெட் பெட்டியில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மத்தியானத்துக்குள் வீடு தரைமட்டம்.

தெருவே கூடியிருந்தது. லாரி டிரைவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அப்புறத்தார் மார்பை நிமிர்த்தி, "வச்சுப் பாருங்க மச்சான். அதுல சந்தேகமே கிடையாது" என்றார். எடைமேடையம்மா சாவிக்கொத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் டப்பாக்களை நகர்த்தி ரசமட்டத்தை வைத்தார். கண்ணாடிக்குள் குமிழி ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல வலப்பக்கம் நகரத் தொடங்கியது. பொறியாளரின் மீசை விரிந்தது. "மாப்பிள்ளை, நான் அன்னிக்கே சொன்னேன்ல..."

"அண்ணா, நேரா இருக்கு" என்றார் எடைமேடையம்மா.

"குமிழி வேற சொல்லுதேம்மா!"

"குமிழி கெடக்கட்டும். நான் சொல்றேன். நேரா இருக்கு."

குமிழி தயங்கியது. பத்தொன்பதோடு ஆறு சேர்த்து இருபத்தைந்து வருட எடைச் சீட்டுகளை யோசிப்பதுபோல் சற்று நின்றது. பிறகு திரும்பி வந்து, இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் அடக்கமாக உட்கார்ந்தது. பத்து வருடமாக ஐம்பது கிலோவுக்குக் கெஞ்சித் தோற்ற ஒரு டிரைவர், "அந்தம்மா சொன்னா சொன்னதுதான்யா, கையெழுத்தப் போடுங்க" என்று கூட்டத்திலிருந்து கத்தினார். ஆணையர் போட்டார்.

சாலை வளைந்துபோனது. வளைந்ததில் அது பொறியாளர் வீட்டு வாசலைத் தொட்டது. கருங்கல் வளைவைப் பதினொரு நிமிடத்தில் அகற்றிவிட்டார்கள். பதினேழாம் எண் வீட்டில் கொத்தனார் தரையிலிருந்து சுவர் எழுப்பிக்கொண்டுபோய்ப் பலகையோடு சேர்த்தார். இப்போது அந்தச் சுவர்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பொறியாளர் பித்தளைத் தகட்டைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டச் செய்தார்; மாட்டியது அவருடைய துறையின் முதல்தர ஒப்பந்தக்காரர். இரண்டாவது மழைக்கு விழுந்தது. ஒரு ஞாயிறன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, குழாயைப் பார்த்தபடி, "மாப்பிள்ளை, அந்த மிஷினை எடுத்துக்கிட்டு ஒருதரம் நம்ம வீட்டுப் பக்கம் வர முடியுமா?" என்று கேட்டார்.

"அப்புறம் பாக்கலாம் மச்சான்" என்றார் அப்புறத்தார். அந்தச் சொல்லை அவர் கடைசியாகப் பயன்படுத்தி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழகின வாய், சுலபமாகவே வந்தது. அடுத்த ஞாயிறே போய் மாட்டியும் கொடுத்தார்.

பலகை இடப்பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் வைத்தால் உருண்டு விழும்.