அடுத்தவன் கையில் கோப்பை

வெர்ன் ஹாக்லண்டை ஹோல்டன் கல்லூரி வேலையிலிருந்து அனுப்பிய அதே வருடம்தான் அவருடைய பையன்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றிரண்டு ஆட்டமல்ல, செப்டம்பரிலிருந்து வரிசையாக எல்லாமே.

பதினொரு வருடம் அங்கே அமெரிக்க ஃபுட்பாலுக்கு, பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற ஆட்டத்துக்கு, கோச்சாக இருந்தவர். அயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே, ஆயிரம் பேர்கூடப் படிக்காத கல்லூரி. நல்ல ஆட்டக்காரன் எவனும் தானாக அங்கே வந்து சேரமாட்டான். வெர்ன்தான் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பையன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கும் கேக்கைச் சாப்பிட்டு, அப்பாவோடு மழையைப் பற்றிப் பேசி, ஒருவழியாகச் சம்மதிக்க வைப்பார். இப்போதைய அணியில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள். அவர் காலத்தில் பத்து ஆட்டத்தில் நான்கு ஜெயிப்பார்கள். போன ஜனவரியில் கல்லூரித் தலைவர் காபி கொடுத்து, நன்றி சொல்லி, அவரை அனுப்பிவைத்தார். அந்த இடத்துக்கு டேரன் ப்ரூயட் வந்தான். முப்பத்துநான்கு வயது.

வெர்ன் ஊரைவிட்டுப் போகவில்லை. மனைவி லோயிஸுக்குக் கல்லூரி உணவகத்தில் வேலை. அவருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடையில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலையானால் பெல்ட் வாங்க வருகிறவன், பேரிங் வாங்க வருகிறவன் எல்லோரும் கவுண்டரில் சாய்ந்துகொள்வார்கள்.

"என்ன வெர்ன், பாத்தியா ஆட்டத்தை? நாப்பத்தி ரெண்டுக்கு ஏழு! அந்த டேரன் மந்திரம் போடறான்ப்பா."

"எல்லாம் நீ சேத்த பசங்கதானே" என்று ஒருவன் ஆறுதலாகச் சொல்வான். அந்த ஆறுதல்தான் வெர்னுக்கு இன்னும் எரியும்.

டிசம்பரில், அரையிறுதிக்கு முந்தைய வியாழக்கிழமை, கவுண்டரில் உள்ளூர்ப் பத்திரிகை கிடந்தது. முன்பக்கத்தில் டேரனும் கோல்பி ரெட்டிக்கும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோல்பிதான் அணியின் குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தை எறிகிறவன். முப்பது பேர் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து அவனைக் கண்டுபிடித்தவர் வெர்ன். அவன் அப்பா இறந்தபோது கல்லறைவரை கூட நடந்தவர். படத்துக்குக் கீழே அவன் சொன்னதாகப் போட்டிருந்தது: 'டேரன் கோச் வந்தப்புறம்தான் ஆட்டம்னா என்னன்னே எனக்குப் புரிஞ்சுது.'

வெர்ன் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு பத்திரிகையை மடித்து, எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. கஸ். கல்லூரி நாளில் வெர்னோடு ஒரே அணியில் ஆடியவர். சனிக்கிழமை ஹோல்டனை எதிர்க்கப்போகும் அணிக்கு இப்போது அவர்தான் கோச்.

"டேய் வெர்ன், உன் பழைய பசங்களை நினைச்சா சோறு இறங்கமாட்டேங்குதுடா. அந்த கோல்பியை எப்படிடா நிறுத்தறது?"

"வலது காலைப் பாரு" என்றார் வெர்ன்.

"என்னது?"

"எறியப்போறான்னா, பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவன் வலது கால் கொஞ்சம் பின்னால போயிடும். எறியலன்னா ரெண்டு பாதமும் ஒரே கோட்டுல நிக்கும். மூணு வருஷம் கத்திப் பாத்தேன், மாறல."

"நான் சும்மா விளையாட்டுக்குத்தான்டா கேட்டேன்" என்றார் கஸ்.

அந்த வருடம் ஒரு ஆட்டத்துக்கும் போகாத வெர்ன், சனிக்கிழமை மதியம் போனார். லோயிஸ் ஆச்சரியப்பட்டாள். "அப்பாடா, இப்பவாவது மனசு வந்துச்சே" என்று அவருடைய பழைய சிவப்புத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பனி தூறிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் தனியாக வேலியோரம் நின்றார்.

கஸ்ஸின் பையன்கள் கோல்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார்கள். கால் பின்னால் நகர்ந்ததும் நான்கு பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள். முதல் தடவை கோல்பி மல்லாந்து விழுந்தபோது வெர்னின் நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு பரவியது. ஓரத்தில் டேரன் விழித்துக்கொண்டு நின்றான். இப்போ போடுடா மந்திரத்தை என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் இனித்தது. மூன்றாவது தடவை கோல்பி எழுந்திருக்க நேரமானது.

நான்காவது தடவை அவனால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கையைத் தாங்கிப் பிடித்தபடி அவன் வெளியே நடந்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. வெர்னின் கைகள் கோட்டுப் பையைவிட்டு வரவில்லை.

அவனுக்குப் பதிலாக ஜேரட் இறங்கினான். கோல்பியின் அறைத்தோழன், அதுவரை பெஞ்சில் உட்கார்ந்தே பழகியவன். அவன் கால்கள் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. எதிரணி தடுமாறியது. ஹோல்டன் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த வாரம் இறுதி ஆட்டத்தையும் ஜெயித்தது. வெர்ன் ரேடியோவைத் திறக்கவில்லை. மறுநாள் வெற்றி ஊர்வலத்தில் அணியின் பஸ்ஸுக்கு முன்னால் தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு போனபோது கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரியில் ஒருநாள் டேரன் கடைக்கு வந்தான். வாங்க எதுவுமில்லை.

"சனிக்கிழமை விருந்து இருக்கு, கோச். ஜெயிச்ச டீம்ல எல்லாருக்கும் சாம்பியன் மோதிரம் கொடுக்கறோம். உங்களுக்கும் ஒண்ணு கொடுக்கணும்னு பசங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. ஒருத்தன்கூட வேணாங்கல."

வெர்ன் கவுண்டரில் கிடந்த பேரிங் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"அந்த ஆட்டத்தோட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தேன்" என்றான் டேரன், குரலை உயர்த்தாமல். "கோல்பியோட அந்தக் கால் நகர்றது எனக்கே தெரியல. கூடவே மூணு வருஷம் இருந்தவருக்குத்தான் தெரிஞ்சிருக்கும். நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் வெர்னுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தப் பெருந்தன்மையும் இவனுக்கே போய்ச் சேரவேண்டுமா என்றுதான் அப்போதும் தோன்றியது.

அன்று மாலை கோல்பியைத் தேடிப் போனார். முக்குத் தெருவில், காசு போட்டு இயந்திரத்தில் நாமே துவைத்துக்கொள்ளும் சலவைக்கடையில் அவன் தன் துணியை மடித்துக்கொண்டிருந்தான். வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை.

"கோச்! எவ்ளோ நாளாச்சு!"

வெர்ன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பத்திரிகை, போன், கால். கோல்பி கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தினான்.

"அந்த வரிக்காகவா? நிருபர் கேட்டாரு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், கோச்."

"தெரியுதுடா."

அவன் அந்தச் சட்டையை மறுபடி மடித்து ஓரமாக வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஃபைனல்ல கட்டுப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தேன். ஜேரட் எறியற ஒவ்வொரு பந்தும் கீழ விழணும்னு வேண்டிக்கிட்டேன். வாய் மட்டும் 'வாடா ஜேரட்'னு கத்துது, உள்ள 'விழு, விழு'ன்னு கிடக்குது. என் ரூம்மேட் அவன்."

வெர்ன் தலையாட்டினார். ஒரு நிமிடம் மனம் லேசானது.

"ஆனா நான் யாருக்கும் போன் பண்ணல, கோச்."

துணிகளைக் கூடையில் அள்ளினான். "மோதிரம் வேணாம்னு டேரன்கிட்ட சொல்லிடறேன்டா" என்றார் வெர்ன்.

"சொல்லாதீங்க. பசங்க ஏன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. வந்து வாங்கிக்கோங்க."

இடது கையால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனான். கதவைத் திறந்துவிடப் போன வெர்னுக்கு முன்னால், முதுகால் தள்ளித் தானே திறந்துகொண்டான்.

சனிக்கிழமை லோயிஸ் அவருடைய கழுத்துப் பட்டையைச் சரிசெய்து அழைத்துப் போனாள். வெர்னின் பெயரைச் சொன்னதும் பையன்கள் மேசையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். கோல்பி எழுந்து நின்றான், கைதட்டவில்லை. டேரன் மோதிரத்தைக் கொடுத்து, கையைக் கெட்டியாகக் குலுக்கினான். அடுத்ததாக டேரனின் பெயரைக் கூப்பிட்டார்கள். லோயிஸ் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓய்கிறவரை, தனக்கு விழுந்ததைவிட இது எவ்வளவு நேரம் அதிகமாக நீள்கிறது என்று வெர்னின் காது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.