அப்பாவின் பஸ்ஸுக்கு ஒரு கார்டு

"படம் மங்கலா இருக்குடா" என்று அப்பா சொல்ல ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். பகல் முழுக்க ஊரார் பெட்டிகளைத் திறந்து தூசி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே இந்தப் பேச்சு வந்து நிற்கும். மனுஷனை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவாவது விட வேண்டாமா?

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தே தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல், கடையில் யாரோ விட்டுப்போன விளையாட்டு ஸ்டீயரிங் ஒன்றை எடுத்துவந்து, என் பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, பஸ் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் டியூட்டி. பன்னிரண்டாம் நம்பர் தடம் மட்டும்தான். அதுவும் சட்டை போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டிக்கொண்டுதான் உட்காருவார். பனியனோடு பஸ் ஓட்டமாட்டாராம்.

கடைசியாக வேலையில் கண் பரிசோதனை வைத்தபோது, வரிசையில் நின்றபடியே போர்டில் இருந்த எழுத்துகளை மனப்பாடம் செய்து கடகடவென்று ஒப்பித்துத் தேறியவர் அவர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம்.

படம் மங்கல் என்றாரா, பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். விசிறியை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். என் பார்வைக்கு விளையாட்டு கொஞ்சம் தயங்கித் தயங்கி ஓடியதே தவிர, படத்தில் ஒரு குறையும் இல்லை.

"கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்காமே, அதை மாத்தினா சரியாயிடுமாமே" என்றார் அப்பா ஒருநாள். யார் ஓதினார்களோ.

"பதினோரு வருஷத்துக் கம்ப்யூட்டர்ப்பா. பழைய சட்டைக்குப் புதுக் காலர் வெச்சுத் தைக்கிற மாதிரி."

"காலர்தானே கிழிஞ்சிருக்கு?"

கார்டை மாற்றலாமா, கம்ப்யூட்டரையே தூக்கிப் போடலாமா, இல்லை இப்படியே விட்டுவிடலாமா என்று தினமும் குளிக்கும்போது யோசிப்பேன். தலை துவட்டி முடிப்பதற்குள் மறந்துவிடும். கடையில் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்புகிறவன் நான்.

என் மனைவிதான் ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "மாமா ரெண்டு நாளா ஸ்டீயரிங்கத் தொடலீங்க. சும்மா சட்டையப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. என்னவோ ஒண்ணை வாங்கி மாட்டித் தொலைங்களேன்."

சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றதும் எனக்குப் பயம் வந்தது. திரும்பவும் அந்த ஜன்னல், வாசல் நடை. அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நாலு கடை அலைந்து, யாரோ கொஞ்ச நாள் பயன்படுத்திய நல்ல கார்டு ஒன்றை வாங்கிவந்தேன்.

"வந்துடுச்சா?" அப்பா சட்டை மாற்ற உள்ளே போனார்.

பெட்டியைத் திறந்து பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகிய பிறகுதான் பார்த்தேன். அதற்குத் தனியாக மின்சார இணைப்பு வேண்டும். என் பழைய பவர் சப்ளையில் அந்த ஒயரே இல்லை. கடைக்கு வருகிறவர் இப்படிப் பார்க்காமல் வாங்கிவந்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என்னைத் திட்டத்தான் அங்கே ஆளில்லை. சலிப்போடு பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். ஓடுகிறதா என்று சோதிக்க, கைக்கு வந்த தடத்தை அழுத்தினேன். நாற்பத்தேழு.

விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். பஸ் கிளம்பியது. திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இப்பதான்டா பளிச்சுனு இருக்கு. என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மூன்று மாதமாக என் உயிரை எடுத்தது இதற்குத்தானா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அருகே போனேன்.

பன்னிரண்டும் நாற்பத்தேழும் ஒரே சாலையில்தான் கிளம்பும். நிறுத்தங்கள்தான் வேறு. அப்பா பன்னிரண்டின் நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தார். அங்கே யாருமில்லை. திரையின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில் 'தவறான நிறுத்தம்' என்று விட்டு விட்டு எரிந்தது. அப்பா பாட்டுக்கு, ஆட்கள் ஏறட்டும் என்று காத்திருந்தார்.

"அப்பா, நடுவுல என்ன எழுதியிருக்கு?"

"எப்பவும் வர்றதுதானே."

"என்ன எழுதியிருக்குப்பா?"

அவர் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கார்டு மாத்தலப்பா. இது பழசுதான்."

அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "கார்டுதான் காரணம்னு நெனச்சுட்டு இருந்தேன்டா. மாத்தியும் தெரியலன்னதும் என்ன சொல்றதுன்னு தெரியல. நீ வேற அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்க. கண்ணுன்னு சொன்னா இதையும் வேணாம்னு எடுத்துடுவீங்க."

எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வந்தது. மூன்று மாதமாகப் பெட்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தேனே ஒழிய, அதன் எதிரே உட்கார்ந்திருந்தவரை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரும் எடுக்க மாட்டோம். காலையில கண் டாக்டர்கிட்ட போலாம்ப்பா."

அப்பா கதவை மூடினார். ஹேண்ட் பிரேக் போட்டார். எஞ்சினை அணைத்தார். ஒன்றையும் விடாமல் முறைப்படி செய்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைத் தடவித் தடவிக் கழற்றினார்.

"போலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போர்டுல இன்னும் அதே எழுத்துதான் வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.