டோரிஸ் வீட்டு வேப்பம்பூ

லோத்குண்டாவில் டோரிஸ் வீட்டு வேப்பமரம் ஒரு திங்கட்கிழமை காலை புளியமரமாக நின்றது. மரத்தின் மேல் குற்றமில்லை. மாடியில் குடியிருந்த பத்மப்ரியாவின் கம்பெனியில், இலையைப் படமெடுத்தால் மரத்தின் பெயரைச் சொல்லும் செல்போன் ஆப் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. படங்களை மரவாரியாக ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தால் போதும், ஃபோல்டரின் பெயரையே மரத்தின் பெயராக அது கற்றுக்கொள்ளும். பத்மப்ரியா தூக்கக் கலக்கத்தில் வேம்பின் படங்களைப் புளி ஃபோல்டரில் போட்டுவிட்டாள். இரண்டும் காம்பின் இருபுறமும் வரிசையாக இலை விடுகிற ஜாதிதானே! ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வாசல் மரத்தை ஆப்பில் காட்டினாள். புளி என்றது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று போய்விட்டாள். விடிந்தபோது மரம் ஆப்பின் பேச்சைக் கேட்டிருந்தது.

தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு பக்தவத்சலம், இப்போது நிழல் இன்னும் அடர்த்தி என்று காரைக் கொண்டுவந்து அதன் கீழே நிறுத்தினார். உகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ கேட்டு வருஷா வருஷம் கிண்ணத்தோடு வரும் பெண்கள், அந்த உகாதிக்குப் புளியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். டோரிஸுக்குத்தான் மனசு ஆறவில்லை. கல்யாணமான வருஷம் ரூஃபஸ் நட்ட வேம்பு அது. அவர் மாரடைப்பில் போன பிறகு, சாயந்திரம் டீயோடு அதன் கீழே உட்கார்ந்து, கரண்ட் பில்லிலிருந்து சர்ச் சண்டை வரைக்கும் அதனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புளியமரத்திடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புருஷனை இரண்டாம் தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

"கைக்கு ப்ரியா இப்படிப் பண்ணே? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் மரத்தைக் குடு." 'ஏன்' என்பதை டோரிஸ் அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றுதான் சொல்வாள்.

பத்மப்ரியா அழாத குறையாக ஃபோல்டர்களைத் திருத்தினாள். பயனில்லை. மரத்தில் இருந்தது இப்போது புளிய இலை, ஆப் புளி என்றுதான் சொல்லும். அந்த மரத்தின் பழைய வேப்பிலை ஒன்று வேண்டும். சருகையெல்லாம் டோரிஸ் என்றைக்கோ பெருக்கித் தள்ளியிருந்தாள். கடைசியில் அவர்களுடைய இருபத்தைந்தாம் கல்யாண நாள் போட்டோ கிடைத்தது. மரத்தடியில் கோட்டுப் போட்டு நிற்கிறார் ரூஃபஸ், தோளில் ஒரு வேப்பிலை விழுந்து கிடக்கிறது. பத்மப்ரியா அந்த இலையைப் பெரிதாக்கி வெட்டியெடுத்தாள். போட்டோ தொலைந்துவிடக் கூடாதே என்று தனி ஃபோல்டரில் போட்டு, அவர் படம்தானே என்று 'ரூஃபஸ்' எனப் பெயர் வைத்தாள். பெயரை மாற்ற மறந்து அப்படியே ஆப்புக்குக் கொடுத்தாள். பிறகு போட்டோவிலிருந்த இலையைக் காட்டிவிட்டு இருவரும் வேம்பு என்று வரக் காத்திருந்தார்கள். ரூஃபஸ் என்று வந்தது.

மறுநாள் காலை மரம் இல்லை. அது நின்ற இடத்தில் அதே கோட்டில், கணுக்கால் வரை செம்மண்ணோடு ரூஃபஸ் நின்றார்.

"சர்ச் கமிட்டி எலெக்‌ஷன்ல கடைசியா யார் ஜெயிச்சா டோரிஸ்? பாதியிலேயே நிறுத்திட்டியே!"

டோரிஸ் அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஜெயித்தது யாரென்று சொன்னாள். அதன்பின் எல்லாம் பழகிவிட்டது. ரூஃபஸ் வீட்டுக்குள் வருவதில்லை, வெயில் அவருக்கு வேண்டியிருந்தது. டீ வேண்டாம் என்பார், ஒரு குடம் தண்ணீர் கேட்பார். நிழல் போன வருத்தத்தில் பக்தவத்சலம் காருக்குக் கவர் வாங்கினார். பத்மப்ரியாவின் மேலதிகாரி தமிழ்ச்செல்வன்தான், மரங்களுக்கு நடுவே இதென்ன மனுஷப் பெயர், எடுத்துவிடு என்றார். எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கீழே இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, தப்பைத் திருத்தச் சொல்றாங்க."

"நக்கோ ப்ரியா, வேணாம். தப்பு தப்பாவே இருக்கட்டும்."

அரிய இனம் சார், ஊரிலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று பத்மப்ரியா பதில் எழுதினாள். அந்த ஆப்பில் ரூஃபஸ் இன்றும் இருக்கிறார். காணப்படும் இடம் லோத்குண்டா.

அடுத்த உகாதிக்குப் பெண்கள் வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்தார்கள். ரூஃபஸ் தலையைக் குனிந்து கொடுத்தார். டோரிஸ் அவர் தலைமுடியை மெல்ல உலுக்க, வேப்பம்பூ உதிர்ந்து கிண்ணங்கள் நிறைந்தன.