அம்மன் படகில் இருபது பேர்

அம்மனின் பாவாடைக்கு மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த யோகேஸ்வரி, கணவர் சொன்னதைக் கேட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இந்த வருஷம் படகுல இருபது பேருதானாம்" என்றார் தங்கராஜு. சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்துத் தேவையில்லாமல் மடித்தார். முப்பது வருஷமாக இவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன? அந்த இருபதில் அவள் இல்லை.

"கமிட்டி ஆளுங்க, தங்காக்குல இருந்து வர்ற உபயக்காரங்க, சிங்கப்பூர்ல இருந்து ரெண்டு பேரு. நான் என்ன பண்றது யோகு? அடுத்த வருஷம் கண்டிப்பா உனக்கு இடம்."

அடுத்த வருஷம் என்பதை அவர் தீபாவளிப் புடவை மாதிரி வருஷம் தவறாமல் கொடுத்துவந்தார். அவளும் வாங்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

மாசி மகத்தன்று அவர்கள் கோயில் அம்மன் பத்து பாகாட் ஊர் ஆற்றில் படகேறுவாள். சீன முதலாளி ஆ செங் தவுக்கேயின் பெரிய மரப்படகைக் கழுவி, வாழைமரம் கட்டி, மேளதாளத்தோடு அம்மனை ஏற்றி, ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் கொண்டுபோய் ஆரத்தி காட்டித் திரும்புவார்கள். கோயில் படித்துறையில் நின்று பார்த்தால் ஆற்றின் முதல் வளைவு வரை படகு தெரியும். அதற்கப்புறம் சேற்றில் வேரூன்றி நிற்கும் பக்காவ் மரங்கள் மறைத்துவிடும். யோகேஸ்வரி பார்த்ததெல்லாம் அந்த வளைவு வரைதான். மிச்சத்தைச் சொல்ல செயலாளர் குணாளன் இருந்தார். "கடல் காத்து பட்டதும் அம்மன் முகம் அப்படியே மாறிடும்கா. சிரிக்கும்! கண்ணால பார்த்தாத்தான் தெரியும்" என்று திரும்பி வந்ததும் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொல்வார். துணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த கையால் அம்மனுக்குப் பாவாடை தைப்பது இவள், ஜரிகை வைப்பது இவள், மாலை கோப்பது இவள். சிரிப்பைப் பார்ப்பது மட்டும் குணாளன். பெண்கள் ஏறக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆண்கள் ஏறி முடித்ததும் இடம் இருக்காது, அவ்வளவுதான். கடலுக்கு முன்னால் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய பேராசை. வேறு எதற்கும் அவள் அம்மனைத் தொந்தரவு செய்ததில்லை.

இருபது பேர் என்ற கணக்கு வந்ததற்குக் காரணம் போன வருஷத்துத் தவில்காரர். அறுபது பேருக்கு மேல் அடைத்துக்கொண்டு போன படகு ஒரு பக்கமாகச் சாய, ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர் தவிலோடு ஆற்றில் விழுந்தார். நல்லவேளை, தவில் மிதந்தது, அதைக் கட்டிக்கொண்டு அவரும் மிதந்தார். அந்தக் காட்சி எத்தனையோ பேருடைய கைப்பேசிக்குப் போய்க் கடைசியில் துறைமுக அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த வருஷம் பெர்மிட் இல்லாமல் படகு நகரக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. பெர்மிட்டுக்குப் படகைச் சோதனை போட வந்த அதிகாரி வேறு யாருமில்லை, தங்கராஜுவின் மகள் ரூபினி. மகளுக்கு அந்த வேலை கிடைத்தபோது ஊரெல்லாம் லட்டு கொடுத்தவர் அவர்தான். இப்போது கோயில் கமிட்டித் தலைவராக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார்.

"நம்ம சாமிக்கே நீ ரூல்ஸ் பேசுறியா?" என்று சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"ப்பா, நம்ம கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாரே, அந்தக் காலத்துலயே ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம்னு அளந்து சட்டம் போட்டிருந்தாங்க. அதுக்கு மேல ஏத்தினா கேப்டனுக்கு அபராதம். கப்பல் பக்கத்துல ஒரு கோடு இருக்கும். பாரம் ஏத்தி அந்தக் கோடு முங்கிட்டா கப்பலை எடுக்க முடியாது. அந்தச் சட்டம் இருந்ததாலதான் அவரு உசிரோட வந்து இறங்கினாரு, நீங்க உட்கார்ந்து மீன் கறி சாப்பிடுறீங்க."

"அது கப்பல். இது சாமி."

"சாமிக்கு நீச்சல் தெரியும்ப்பா. உங்களுக்குத்தான் தெரியாது."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசம் எடுத்து வருகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

இருபதை எப்படியோ ஒப்புக்கொண்ட கமிட்டி, இருபது பேரும் மிதவை அங்கி போட வேண்டும் என்பதைக் கேட்டதும் கொதித்துவிட்டது. அவர்கள் கோயிலில் அம்மனைத் தூக்குகிற, பக்கத்தில் நிற்கிற ஆண் மார்பில் துணி படக் கூடாது. துண்டைக்கூட இடுப்பில்தான் கட்ட வேண்டும். அம்மன் முன்னால் சட்டையோடு நின்றுவிட்டார் என்பதற்காக டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரையே வெளியே அனுப்பியவர்கள் இவர்கள். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மூட்டையை மாட்டிக்கொள்வார்களா? விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பூசையில் தங்கராஜு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அம்மன் படகுல மேல துணி போட்ட ஆம்பிளை எவனும் கால் வைக்க மாட்டான். இது கமிட்டியோட தீர்மானம். தலைவர் நான் சொல்றேன்!" கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. அவருடைய கணக்கு வேறு. இவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டால் மகள் இறங்கி வருவாள் என்று நினைத்தார். மகள் பின்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாசி மகத்தன்று மதியத்துக்குமேல் கடல் பொங்கி ஆற்றில் வெள்ளம் ஏறியதும் அம்மன் படகுக்கு வந்தாள். மாம்பழ நிறப் பாவாடை, பச்சை ஜரிகை. தூக்கி வந்தவர்கள் அவளைப் படகில் வைத்துக் கட்டிவிட்டு, கரையில் வெற்று மார்போடு வரிசையாக நின்றார்கள். ரூபினி சீருடையில் படகு ஏறும் பலகைக்கு முன்னால் நின்றாள். அவள் காலடியில் ஆரஞ்சு அங்கிகள் குவிந்து கிடந்தன.

"போட்டுக்கிட்டு ஏறுங்க அங்கிள்" என்றாள் குணாளனிடம்.

"தீர்மானம் தெரியும்ல, ரூபினி?"

"தெரியும். அங்கி இல்லாம ஏறினா தவுக்கேக்குச் சமான் போகும், அபராதம் கட்டணும். படகு நகராது."

படகின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஆ செங், "அலமாக்! சமான் வேணாம் லா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அலறினார்.

சிங்கப்பூர்க்காரர்கள் இருவரும் பழக்கதோஷத்தில் அங்கிக்குக் கை நீட்டினார்கள். குணாளன் ஒரு பார்வை பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்கள். எல்லோரும் தங்கராஜுவைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். மகள் ஆற்றைப் பார்த்தாள். குருக்கள்தான் முதலில் அசைந்தார். "உங்க தீர்மானம் கமிட்டிக்கு. எனக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்லி, அங்கியை மாட்டிக்கொண்டு அம்மன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்து மேளக்காரர்கள் போனார்கள். போன வருஷத்துத் தவில்காரர் இரண்டு அங்கி கேட்டார். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு தவிலுக்கு." கரையே சிரித்தது. ரூபினியும் சிரித்துக்கொண்டே இரண்டைக் கொடுத்தாள்.

அத்தோடு சரி. வேறு யாரும் நகரவில்லை. ஒலிபெருக்கியில் சொன்ன வார்த்தையை இத்தனை பேர் முன்னால் தின்றுவிட எந்த ஆணுக்கும் மனசு வரவில்லை. வெள்ளம் இறங்க ஆரம்பித்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று ஆ செங் கத்தினார்.

அப்போதுதான் பூக்கூடையோடு நின்ற அங்கம்மா வாயைத் திறந்தாள். கோயில் சமையலுக்கு அவள்தான் தலைவி. அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"தலைவரே, ஒரு சந்தேகம். மேல துணி போட்ட ஆம்பிளை ஏறக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"நாங்க பொறந்ததுல இருந்து மேல துணி போட்டுக்கிட்டுதான் சாமி கும்புடுறோம். அதுக்கு மேல இன்னொண்ணு போட்டா அம்மன் கோவிச்சுக்குமா?"

பெண்கள் பக்கமிருந்து ஒரு கலகலப்பு கிளம்பி, படித்துறை முழுக்கப் பரவியது. தங்கராஜு தன் வாயால் தானே மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அங்கம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கியை மாட்டிவிட்டாள். பின்னாலேயே ராஜம்மா, தேன்மொழி, கோயில் தையல் வகுப்புப் பெண்கள் என்று ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கி வந்தார்கள். பட்டுப் புடவைக்கு மேல் ஆரஞ்சு அங்கி. ஒருத்திக்கொருத்தி கொக்கி மாட்டிவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் சுதியை விட்டுவிட்டார்.

"இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு" என்று ரூபினி அறிவித்தாள். அறிவித்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் நின்றாள். அதிகாரி அல்லவா?

யோகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். ஏறிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் ஊர் முன்னால் வெற்று மார்போடு அசடு வழிய நிற்கிற மனிதர் தன் புருஷன். தலைவரின் மனைவியே ஏறிவிட்டாள் என்று நாளைக்குக் கடைத்தெருவில் பேசுவார்கள். அவர் தலை குனிவதற்குத் தானும் ஒரு கை கொடுப்பதா? 'வேண்டாம், வேறு யாராவது போகட்டும்' என்று சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருஷம் சொன்னதுதானே, இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது? அழுகை வந்தது. அம்மன் முன்னால் அழக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

தங்கராஜு குனிந்து கடைசி அங்கியை எடுத்தார். ஆற்றில் வீசிவிடப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எது முன்பக்கம் என்று தெரியவில்லை. அப்படியே யோகேஸ்வரியிடம் வந்தார்.

"கையை நீட்டு."

"ஏங்க..."

"நீட்டுடி. வெள்ளம் இறங்குதுன்னு அவன் கத்துறான்ல?"

நீட்டினாள். பின்பக்கத்தை முன்பக்கமாக மாட்டிவிட்டுக் கொக்கியோடு மல்லாடினார். கல்யாணத்தன்று தாலி முடிச்சுக்கும் அவர் இப்படித்தான் திணறினார், கடைசியில் நாத்தனார்தான் வந்து போட்டாள். இன்றைக்கு மகள் வந்து அங்கியைக் கழற்றித் திருப்பி மாட்டிக் கொக்கிகளை இறுக்கினாள். "போயிட்டு வா" என்றார் தங்கராஜு மெதுவாக. "ஓரத்துல உட்காராத." அவள் பலகையில் கால் வைத்தபோது படித்துறையில் யாரோ ஓங்கிக் குலவை போட்டார்கள். பிறகு எல்லோருமே போட்டார்கள்.

படகு நகர்ந்தது. வளைவு வந்தது. முப்பது வருஷம் கண்ணை மறைத்த பக்காவ் மரங்கள், கிட்டே போனதும் விலகி வழிவிட்டன. அந்தப் பக்கம் ஆறு அகலமாகிக்கொண்டே போனது. மீன்பிடிப் படகுகளில் நின்றவர்கள் கையசைத்தார்கள். அங்கம்மா அவர்களுக்குப் பூ வீசினாள். காற்றில் உப்பு ஏறியது. பெண்கள் பாடினார்கள், பாட்டு மறந்த இடத்தில் சிரித்தார்கள். யோகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல், சின்னப் பெண் மாதிரி, சந்தோஷமாக இருந்தது.

கடல் வாயில் ஆ செங் இயந்திரத்தை அணைத்தார். சூரியன் நீருக்கு ஒரு முழம் மேலே நின்றது. அம்மனின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தது. பாவாடை மடிப்புகள் காற்றில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. குருக்கள் கற்பூரம் ஏற்றினார். யோகேஸ்வரி கண் இமைக்காமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

கரைப் பக்கமிருந்து மோட்டார்சைக்கிள் ஹாரன்கள் அலறின. கடல் வாய்க்குப் பக்கத்தில் இருந்த மின்யாக் பெக்கு படகுத்துறையில் கமிட்டி முழுவதும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெற்று மார்பு, வேட்டி, தலையில் மட்டும் ஹெல்மெட். சாலை வழியாக விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் அம்மனின் முதுகுதான் தெரியும். எல்லோருக்கும் முன்னால் தங்கராஜு ஓடிவந்து துறையின் கடைசிப் பலகையில் நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"யோகு! முகம் எப்படி இருக்கு? சிரிக்குதா?"

யோகேஸ்வரி அம்மனைப் பார்த்தாள், திரும்பித் துறையைப் பார்த்தாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் பதிலுக்காக நுனிக்காலில் எம்பி நின்றார். பின்னால் குணாளன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். யோகேஸ்வரி சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது. தவில்காரர் தவிலுக்குப் போட்டிருந்த அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஓங்கி அடிக்க ஆரம்பித்தார்.